லிவர்பூல் நடுவர் மன்றத்திலிருந்து கடிதம்: பதில் எழுதாமல் விட்டுவிடலாமா?

கோத்தகிரி மழை (2022 டிசம்பர் 3)

வணக்கம். பஞ்சு இறக்குமதி பற்றித் தெரிந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். கொடுத்த பதினான்கு நாட்களில் நான்கு போய்விட்டன.

நாங்கள் கோத்தகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். 2004இல் அப்பாவும் அவருடைய நண்பரும் சேர்ந்து அன்னூர் பக்கம் 14,000 கதிர்கள் கொண்ட நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, இந்த ஆகஸ்டு கடைசியிலிருந்து அலுவலகத்தை நான் பார்க்கிறேன்.

ஏப்ரலில் பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை அரசு நீக்கியது. அதை நம்பி, மே மாதம் ஒரு வெளிநாட்டு வணிகரிடம் 300 டன் மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி வந்து சேரும் விலை, ஒரு பவுண்டு எடைக்கு 152 அமெரிக்க சென்ட். ஜூன் 30க்குள் எல்.சி. (விற்றவருக்குப் பணம் தருவதாக எங்கள் வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்க வேண்டும். வங்கி எங்கள் கடன் வரம்பைக் குறைத்துவிட்டது, எல்.சி. திறக்கவில்லை. அதற்குள் நூல் விலையும் விழுந்தது. ஆகஸ்டு 9 அன்று அப்பாவின் நண்பர், "எங்களால் எடுக்க முடியாது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பினார். கப்பலில் ஒரு பேல்கூட ஏறவில்லை.

இப்போது வணிகர் அக்டோபர் 31ஆம் தேதி விலை 98 சென்ட் என்று கணக்கிட்டு, 54 சென்ட் வித்தியாசத்தைக் கேட்கிறார். மொத்தம் 3,57,148 டாலர். எங்கள் தரப்பு நடுவரை நியமிக்கச் சொல்லி, பஞ்சு வணிகத் தகராறுகளைத் தீர்க்கும் லிவர்பூல் சர்வதேசப் பஞ்சுச் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் நாங்கள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியதாகவும் தெரியவில்லை. அப்பாவின் நண்பர், "பேசாமல் இரு. அங்கிருந்து யார் மலையேறி வந்து வாங்கப் போகிறார்கள்?" என்கிறார். வராத பஞ்சுக்கு ஏறக்குறைய மூன்று கோடி ரூபாய் எப்படிக் கொடுப்பது? இரவில் தூக்கம் வரவில்லை.

---

பழைய பஞ்சுக்காரர், குன்னூர் (டிசம்பர் 3)

அம்மணி, முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அந்தக் கடிதம் கிடைத்தது, பதில் தருகிறோம் என்று இன்று இரவே லிவர்பூலுக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதன் பிறகு மற்றதைப் படியுங்கள்.

நான் கோவையிலும் உடுமலையிலும் நூற்பாலைகளுக்குப் பஞ்சு தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன். முப்பத்தெட்டு ஆண்டுகள் கையில் பஞ்சை இழுத்து நீளம் பார்த்தே கழிந்தன. ஓய்வு பெற்றுக் குன்னூர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் அப்பாவின் நண்பர் சொல்வதைப் போலவே சொன்ன ஒரு முதலாளியிடம் நான் வேலை பார்த்தேன் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுகிறேன்.

2011 நினைவிருக்கிறதா? மார்ச்சில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டுப் பஞ்சு 2 டாலரைத் தாண்டியது. ஆண்டு முடிவதற்குள் ஒரு டாலருக்குக் கீழே வந்துவிட்டது. மேலே இருந்தபோது வாங்கிய ஆலைகள் உலகம் முழுவதும் கைவிரித்தன. எங்கள் முதலாளியும் வந்த கடிதங்களைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார். தீர்ப்பு அவர் இல்லாமலே வந்தது. அடுத்த பருவத்தில் நீண்ட இழைப் பஞ்சு கேட்டு நான் தொலைபேசியில் யாரை அழைத்தாலும் ஒரே பதில்: "உங்கள் ஆலை பட்டியலில் இருக்கிறது, மன்னிக்கவும்." நடுவர் தீர்ப்பை நிறைவேற்றாத நிறுவனங்களின் பட்டியலை லிவர்பூல் சங்கம் உறுப்பினர்களுக்குத் தருகிறது. அதில் இருப்பவரோடு வியாபாரம் செய்யும் உறுப்பினர் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உலகப் பஞ்சு வணிகத்தின் பெரிய கைகள் பெரும்பாலும் அந்தச் சங்கத்துக்குள்தான் இருக்கின்றன. 120ஆம் நம்பர் மெல்லிய நூல் ஓட்டிக்கொண்டிருந்த ஆலை 40ஆம் நம்பர் தடித்த நூலுக்கு இறங்கியது. நான் என் கண்ணால் பார்த்த இறக்கம் அது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வராத பஞ்சுக்கு ஏன் பணம் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பதில் அந்த வியாபாரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

1841இல் லிவர்பூல் தரகர்கள் சங்கம் அமைத்தார்கள். அந்த வியாபாரத்தில் அமெரிக்கப் பஞ்சு அட்லாண்டிக் கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே கை மாறுவதுண்டு. ஒருவன் வாங்கியதை நம்பித்தான் அடுத்தவன் விற்றான். நடுவில் ஒருவர் "ரத்து" என்று எழுந்து போனால் முன்னும் பின்னும் இருப்பவர்கள் எல்லோரும் சரிவார்கள். அதனால் அந்த விதிப் புத்தகத்தில் ரத்து என்ற சொல்லுக்கே இடம் கொடுக்கவில்லை. நிறைவேறாத ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது, கணக்கு முடிக்க மட்டுமே முடியும். அதற்குப் பெயர் இன்வாய்சிங் பேக். அன்றைய சந்தை விலைக்கு நீங்கள் அந்தப் பஞ்சை விற்றவருக்கே திருப்பி விற்றதாகக் கணக்கு எழுதுவார்கள். ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கை மாறும். தவறு என்னுடையதல்ல என்று ஒரு தரப்பு நினைத்தாலும் இந்தக் கணக்கு உண்டு. விலை ஏறியிருந்தால் வித்தியாசம் உங்களுக்கு வந்திருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

விற்றவரையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உங்களிடம் 152க்கு விற்ற அன்றே அவர் ஆப்பிரிக்காவில் வாங்கியிருப்பார், அல்லது விலை மாறினால் நஷ்டம் வராதபடி நியூயார்க் முன்பேர வணிகத்தில் காப்பு போட்டிருப்பார். நம் குன்னூர் ஏலத்தில் எடுத்த தேயிலையை, மறுநாள் விலை இறங்கியது என்று திருப்பிக் கொடுத்தால் தரகர் ஏற்பாரா?

ஆனால், அம்மணி, உங்களுக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. எந்தத் தேதியின் சந்தை விலை? உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்விதான். இந்த ஒப்பந்தம் நிறைவேறாது என்பது இரு தரப்புக்கும் தெரிந்த நாள், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாள் எதுவோ அதுவே கணக்கு முடிக்கும் நாள். ஒப்பந்த வாசகம், எழுத்தில் தந்த அறிவிப்பு, இரு தரப்பும் நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் நடுவர்கள் பார்ப்பார்கள். வணிகர் அக்டோபர் 31 என்கிறார். உங்கள் கையில் ஆகஸ்டு 9 மின்னஞ்சல் இருக்கிறது! "எடுக்க முடியாது" என்று எழுத்தில் வந்த பிறகு, விலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அவர் ஏன் பன்னிரண்டு வாரம் காத்திருந்தார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

300 டன் என்பது 6,61,386 பவுண்டு. ஒரு சென்ட் நகர்ந்தால் 6,600 டாலருக்கு மேல் நகரும். ஆகஸ்டு நடுவில் அந்தத் தரத்துக்கு 125 சென்ட் இருந்தது என்று காட்ட முடிந்தால், வித்தியாசம் 27 சென்ட், தொகை 1,78,574 டாலர். சரிபாதி. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பாதியை யார் உங்களுக்காகக் கேட்பார்கள்?

நடுவர் நியமனத்தில் ஒரு தவறான எண்ணம் பலருக்கு இருக்கிறது. நீங்கள் நியமிப்பவர் உங்கள் வக்கீல் அல்ல. அவர் பஞ்சு வணிகத்தில் ஊறியவர், இரு தரப்புக்கும் பொதுவானவர். நீங்கள் ஒருவர், அவர்கள் ஒருவர், சங்கத் தலைவர் நியமிக்கும் மூன்றாமவர் தலைமை. நீங்கள் சொல்லாவிட்டால் உங்கள் இடத்துக்கும் சங்கமே ஆளை நியமித்துவிடும். ஆப்பிரிக்கப் பஞ்சும் இந்திய ஆலைகளும் தெரிந்தவராகச் சங்கத்தின் நடுவர் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் எல்லாம் காகிதத்திலேயே நடக்கும், லண்டனுக்கோ லிவர்பூலுக்கோ விமானம் ஏற வேண்டியதில்லை. ஆகவே காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். வங்கியின் மறுப்புக் கடிதத்தையும் வையுங்கள். அது உங்களைக் காப்பாற்றாது, எல்.சி. திறப்பது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் அதை வணிகருக்கும் அனுப்பியிருந்தால், ஜூலையிலேயே நிலைமை அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகலாம்.

---

உதகை வழக்கறிஞர் (டிசம்பர் 4)

பெரியவர் வணிகத்தைச் சொல்லிவிட்டார். சட்டப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன், சகோதரி.

"யார் வந்து வாங்குவார்கள்" என்பதற்கு: வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நாடுகள் ஏற்று நிறைவேற்றுவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியா 1960இலிருந்து இருக்கிறது. நம் 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் இரண்டாம் பகுதிப்படி, இங்கிலாந்தில் வந்த தீர்ப்பை இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் நிறைவேற்றக் கேட்கலாம். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் அது நம் நீதிமன்ற ஆணைக்குச் சமம். மலையேறி யாரும் வர வேண்டாம், ஆலையின் வங்கிக் கணக்கே போதும்.

மறுப்பதற்கான காரணங்கள் 48ஆம் பிரிவில் இருக்கின்றன. மிகக் குறுகியவை. உரிய அறிவிப்பு வரவில்லை என்பது அதில் ஒன்று. உங்களுக்கு அறிவிப்பு வந்துவிட்டது, அதைத் திறந்தும் படித்துவிட்டீர்கள். விலையைத் தவறாகக் கணக்கிட்டார்கள் என்று இங்கே வந்து வாதாட முடியாது. அதற்கான இடம் லிவர்பூல்தான், அதற்கான முதல் படி கெடு முடிவதற்குள் நடுவரை நியமிப்பதுதான்.

2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாபெட் (தேசிய வேளாண் கூட்டுறவு விற்பனை அமைப்பு) வழக்கில் ஒரு வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்ற மறுத்தது உண்மை. அது 1980 காலத்து வேர்க்கடலை ஏற்றுமதி ஒப்பந்தம். அரசே ஏற்றுமதிக்கு அனுமதி மறுத்திருந்தது. அதை வைத்துச் சிலர் உங்களுக்கு ஆசை காட்டக்கூடும். உங்கள் பஞ்சை இறக்கக் கூடாது என்று எந்த அரசாணையும் இல்லையே. தீர்ப்பு நம் நாட்டின் பொதுக் கொள்கைக்கு எதிரானது என்றால் 48ஆம் பிரிவில் மறுக்கலாம், ஆனால் வங்கி வரம்பைக் குறைத்தது அந்த வகையில் வராது.

கையெழுத்து விஷயம்: மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிடும். ஆகஸ்டு 9 அன்று "ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இல்லாத ஒப்பந்தத்தை யாரும் ரத்து செய்வதில்லை.

---

தேயிலைக் கணக்கர் (டிசம்பர் 4)

ஆலையை மூடிவிட்டு மருமகன் பெயரில் புது நிறுவனம் தொடங்கினால் போதும் என்று கோவையில் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரியா என்று தெரியவில்லை, பெரியவர்தான் சொல்ல வேண்டும்.

---

பழைய பஞ்சுக்காரர், குன்னூர் (டிசம்பர் 4)

சரியல்ல, தம்பி. தீர்ப்பை நிறைவேற்றாதவர் பட்டியலுக்கு இரண்டாம் பகுதி இருக்கிறது. முதல் நிறுவனத்தோடு தொடர்புடைய நிறுவனங்களை அதில் சேர்ப்பார்கள். பெயர்ப் பலகை மாறலாம், இயக்குநர், முகவரி, ஆலைக் கட்டடம் எல்லாம் அதேதானே. அந்த வேலையை அந்தப் பெண் தலையில் ஏற்ற வேண்டாம்.

---

கோத்தகிரி மழை (டிசம்பர் 6)

ஐயா, அம்மா, நன்றி. அன்று இரவே எழுதிவிட்டேன், கிடைத்தது என்று பதிலும் வந்தது.

நேற்று அலுவலகக் கணினியில் எல்லா மின்னஞ்சல்களையும் தேடினேன். எனக்குத் தெரியாத ஒன்று அகப்பட்டது. செப்டம்பர் 14 அன்று அப்பாவின் நண்பர் வணிகருக்கு, "15 சென்ட் குறைத்தால் டிசம்பரில் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். அவர்கள் 5 சென்ட் குறைக்கிறோம் என்றார்கள். அதன் பிறகு இவர் பதில் தரவில்லை. இது ஆகஸ்டு 9ஐக் கெடுத்துவிடுமா? இதைச் சேர்க்காமல் அனுப்பலாமா என்று அவர் கேட்கிறார்.

---

பழைய பஞ்சுக்காரர், குன்னூர் (டிசம்பர் 6)

அம்மணி, சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் வணிகரிடமும் இருக்கிறது. நீங்கள் மறைத்ததை அவர் எடுத்து வைத்தால் ஆகஸ்டு 9ஐயும் நடுவர்கள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

கெடுக்குமா என்றால், கெடுக்கும். ஆகஸ்டில் முடிந்ததாகச் சொல்லும் ஒப்பந்தத்தைப் பற்றி செப்டம்பரில் பேரம் பேசியிருக்கிறார். இன்னும் உயிர் இருக்கிறது என்று விற்றவர் நம்பியதற்கு அது காரணமாகும். இருந்தாலும் மூன்று தேதிகளும் ஒன்றல்ல. முதல் வாதம் ஆகஸ்டு 9. அது நிற்காவிட்டால், 5 சென்ட் என்ற பதிலுக்குப் பின் நீங்கள் மௌனமான நாளிலிருந்து ஒரு வாரம், அதாவது செப்டம்பர் கடைசி. அக்டோபர் 31 வரை இழுக்க அவர்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று தேதிகளுக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பஞ்சின் விலைச் சான்றுகளைத் திரட்டுங்கள். பழைய தரகர்கள் இருவரிடம் அந்த வாரங்களின் விலைப்பட்டியல் இருக்கும், நான் பேசுகிறேன்.

அதோடு, வழக்கு ஒருபுறம் நடக்கட்டும், சமரசக் கடிதம் ஒன்றையும் வக்கீல் அம்மாவிடம் காட்டி அனுப்புங்கள். வித்தியாசத்தை ஒரே தவணையில் தர முடியாவிட்டால், அடுத்த இரண்டு மூன்று பருவங்களில் அதே வணிகரிடம் சந்தை விலைக்குப் பஞ்சு வாங்கி, ஒவ்வொரு சரக்கிலும் பவுண்டுக்குச் சில சென்ட் கூட்டிக் கொடுத்துத் தீர்ப்பது எங்கள் தொழிலில் உள்ள பழக்கம். ஓடும் ஆலையை வாடிக்கையாக வைத்துக்கொள்ளத்தான் எந்த வணிகரும் விரும்புவார்.

சனிக்கிழமை கோப்புகளோடு குன்னூர் வாருங்கள். அப்பாவின் நண்பரையும் அழைத்து வாருங்கள், செப்டம்பர் 14 மின்னஞ்சலைத் தவிர வணிகரிடம் தொலைபேசியில் ஏதாவது பேசினாரா என்பது அவருக்குத்தான் தெரியும். பஸ் நிலையத்தில் இறங்கியதும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

---

கோத்தகிரி மழை (டிசம்பர் 7)

வருகிறோம், ஐயா. முதலில் மறுத்தார். அப்பா கையை அசைத்துப் போகச் சொன்ன பிறகு சரி என்றார். நடுவர் பெயரை இன்று காலை அனுப்பிவிட்டேன்.