‘3 இடியட்ஸ்’: ராஜுவின் வீட்டைப் பார்த்து நாம் சிரித்தது சரிதானா?

ஆற்றுமணல் (கேள்வி):

வணக்கம். ராஜ்குமார் ஹிரானி இயக்கி 2009 டிசம்பர் 25 அன்று வெளிவந்த ‘3 இடியட்ஸ்’ இந்திப் படத்தைச் சென்ற வாரம் மறுபடியும் பார்த்தேன். பொறியியல் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கும் ராஜு, ஃபர்ஹான், ராஞ்சோ என்ற மூன்று நண்பர்களின் கதை அது. முதல்முறை நான் அதைப் பார்த்ததும் பொறியியல் கல்லூரி விடுதியில்தான். ஒரே மடிக்கணினியின் முன்னால் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

ராஜு ரஸ்தோகியின் வீடு வரும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் படம் சட்டென்று கறுப்பு வெள்ளைக்கு மாறிவிடுகிறது. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட்ட தந்தை, வரதட்சணையாக மாருதி 800 கார் கேட்கப்படுவதால் மணமாகாமல் நிற்கும் சகோதரி, காய்கறி விலையைச் சொல்லிச் சொல்லிப் புலம்பும் தாய். அந்தத் தாய் கணவரின் உடம்பில் வந்த அரிப்பைச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்துவிட்டு, அதே கட்டையை எடுத்து மாவைத் தேய்ப்பார். அறையிலிருந்த எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். என் வீட்டிலும் அப்போது அப்பா வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்தார் என்பதும், நான்கு ஆண்டுகளில் அறைத்தோழர்கள் ஒருவரையும் நான் ஊருக்கு அழைத்துப் போகவில்லை என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. இப்படம் ஏற்றத்தாழ்வைக் கடந்த நட்பைப் பற்றியது என்று பலரும் எழுதுகிறார்கள். வறுமையை நகைச்சுவைக்குப் பயன்படுத்திக்கொண்டு, கடைசியில் தோட்டக்காரரின் மகனான ராஞ்சோவை நானூறு காப்புரிமங்களுக்குச் சொந்தக்காரனாக்கிக் கணக்கை நேர்செய்துவிடும் ஒரு படத்தை அப்படி அழைப்பது பொருந்துமா? அடுத்தது, தான் யார் என்பதையே நான்கு ஆண்டுகள் மறைத்து வைத்துவிட்டு, பட்டமளிப்பு முடிந்ததும் சொல்லாமல் மறைந்துவிடும் ராஞ்சோவை நண்பன் என்று ஏற்றுக்கொள்ள உங்களால் முடிகிறதா?

பின்வரிசை:

நண்பரே, அந்தக் காட்சியை நான் சற்று வேறுவிதமாகப் பார்க்கிறேன். கறுப்பு வெள்ளைக்கு மாறுவதன் குறி வறுமையின் மேல் அல்ல, வறுமையைக் காட்டிய பழைய இந்திப் படங்களின் மேல். 1950களின் படங்களில் இருமும் தந்தையும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து கண்ணீர் விடும் தாயும் மணமாகாத தங்கையும் ஒரு வாய்பாடு போலவே வந்துகொண்டிருந்தார்கள். ஏழை என்றால் கண்ணீருக்கு உரியவன், புனிதன் என்ற அந்த வழக்கத்தைத்தான் ஹிரானியும் அவரோடு சேர்ந்து எழுதிய அபிஜத் ஜோஷியும் கேலி செய்கிறார்கள். கதையைச் சொல்லும் ஃபர்ஹான், அதாவது நம் மாதவன் ஏற்ற பாத்திரம், அவ்வீட்டைத் தன் கண்ணால் எப்படிப் பார்த்தானோ அப்படித்தான் நமக்கும் காட்டுகிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். பிறந்த அன்றே பிள்ளை பொறியாளர் என்று முடிவு கட்டி, வீட்டிலிருந்த ஒரே குளிர்சாதனத்தை மகனின் அறையில் பொருத்திய தந்தையின் பிள்ளை அவன். ராஜுவின் வீடு அவனுக்குப் பழைய படம் போலத் தெரிவதில் ஒரு நேர்மை இருக்கிறது. அவனுக்கு வறுமை திரையில் மட்டுமே பழக்கம்.

இன்னொரு செய்தியும் உங்கள் கேள்விக்குத் தொடர்புடையது. இப்படம் சேத்தன் பகத் 2004இல் வெளியிட்ட ‘ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்’ நாவலைத் தழுவியது. நாவலில் கூட்டத்தின் தலைவனாக வரும் ரயன் வசதியான வீட்டுப் பிள்ளை. படிப்பு முறையை எதிர்த்துப் பேசும் துணிச்சல் அவனுக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. படத்தை எழுதியவர்கள் அந்தத் துணிச்சல்காரனைத் தோட்டக்காரரின் அநாதை மகனாக மாற்றினார்கள். நிலக்கிழாரின் மகன் பெயரில் படித்து, பட்டத்தையும் அவனிடமே ஒப்படைத்துவிட்டுப் போகும் வேலைக்காரச் சிறுவன் என்பது படத்துக்காகவே உருவாக்கப்பட்டது. வகுப்பு வேற்றுமையைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள் இவ்வளவு சிரமப்பட்டு அதைக் கதைக்குள் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

மஞ்சள்பை:

மேலே உள்ள மறுமொழியின் முதல் பாதியை நான் ஏற்கவில்லை. பழைய படங்களைக் கேலி செய்தார்கள் என்பது திரைப்படம் பயின்றவர்களுக்குப் புரியும் விளக்கம். திரையரங்கில் சிரித்தவர்கள் சப்பாத்திக் கட்டையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பைப் படம் கடன் போல வாங்கிப் பின்னால் திருப்பித் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாம் பார்த்துச் சிரித்த அதே தந்தைக்கு உயிர் போகும் நிலை வரும்போது, வண்டி வரும்வரை காத்திருக்க முடியாது என்று ராஞ்சோ அவரைத் தன் காதலி பியாவின் ஸ்கூட்டரில் நடுவே உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறான். நாம் சிரித்த அதே மாருதி 800, ராஜு மாடியிலிருந்து குதித்து நினைவிழந்து கிடக்கும்போது படுக்கையருகே மறுபடி வருகிறது. அவனை எழுப்புவதற்காக நண்பர்கள் சொல்லும் பொய்களில், சகோதரியை ஃபர்ஹான் வரதட்சணையின்றி மணந்துகொள்வான் என்பதும் ஒன்று. முதல் பாதியில் வேடிக்கையாக வந்த பட்டியல் இரண்டாம் பாதியில் ஒருவன் சாகத் துணிந்ததன் காரணப் பட்டியலாக மாறிவிடுகிறது. எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஆனால் என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ராஞ்சோ ராஜுவிடம் பயப்படாதே, பயப்படாதே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். விரல்களில் ராசிக்கல் மோதிரங்களை மாட்டிக்கொண்டு, படங்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் ராஜுவைப் பார்த்து, நாளையைப் பற்றி அஞ்சிக்கொண்டே இன்றைக்கு எப்படி வாழ்வாய் என்று கேட்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஞ்சோவால் மட்டும் அப்படி வாழ முடிந்தது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவன் கல்விக் கட்டணத்தை நிலக்கிழார் கட்டுகிறார். அவனை நம்பி வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பட்டம் அவனுடையதே அல்ல. மதிப்பெண் குறைந்தாலும் கூடினாலும் அந்தக் காகிதம் சிம்லாவில் வேறொருவரின் சுவரில்தான் தொங்கப் போகிறது. பட்டத்தால் தனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தவன் படிப்பைப் படிப்புக்காகவே நேசிப்பது எளிது. ராஜுவுக்கோ ஒரு தாளில் தோற்றால் மூன்று பேரின் மருந்தும் சோறும் கேள்விக்குறியாகும்.

ஃபர்ஹான் பொறியியலைக் கைவிட்டுக் கேமராவைத் தூக்கினால் அவன் தந்தையின் கனவு உடையும், அடுப்பு அணையாது. ராஜுவுக்கு அந்த வழியே கிடையாது. அதனால்தான் படத்தில் அவன் ஒருவன் மட்டும் கடைசிவரை வளாக நேர்காணலுக்குப் போய், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே வேலை வாங்குகிறான். படத்தை எழுதியவர்களுக்கு இந்த வேற்றுமை தெரிந்திருக்கிறது. ஆனால் ராஞ்சோவின் துணிச்சலைக் குணமாகக் காட்டிவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த ஒப்பந்தத்தை ஒரு நிமிடத் திருப்பமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அறிவுரை ராஜுவின் தலையில் விழுகிறது, அறிவுரைக்கு இடம்கொடுத்த சூழ்நிலை மட்டும் மறைந்துகொள்கிறது.

மற்றபடி சக மாணவன் சத்துரின் மேடைப் பேச்சில் சொல்லை மாற்றி வைத்துச் சிரிக்க வைக்கும் காட்சி இன்று பார்க்கச் சகிக்கவில்லை. உகாண்டாவில் பிறந்து புதுச்சேரியில் படித்ததால் இந்தி சரியாக வராத ஒருவனை, அந்த மொழி தெரியாததை வைத்தே அவமானப்படுத்துகிறார்கள். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்ற இந்த இழையின் கேள்விக்கு அதுவும் உரியதுதான்.

காகிதத்தோணி:

இழையில் மில்லிமீட்டரை இன்னும் யாரும் குறிப்பிடவில்லை. விடுதி மாணவர்களுக்கு எடுபிடி வேலை செய்துகொண்டிருக்கும் அந்தச் சிறுவன்தான் படத்தின் உண்மையான வகுப்புக் கோடு என்று எனக்குத் தோன்றுகிறது. ராஜு ஏழையாயினும் மாணவன். மில்லிமீட்டர் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவன். அவன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று ராஞ்சோ கேட்கிறான். கட்டணத்துக்குப் பணமில்லை என்று அறிந்ததும், ஒரு சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பள்ளிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள், கூட்டத்தில் யாரும் கேட்கமாட்டார்கள், பிடித்துவிட்டால் சீருடையையும் பள்ளியையும் மாற்றிக்கொள் என்று வழி சொல்கிறான். முதல்முறை பார்க்கையில் நல்லெண்ணம் கொண்ட பணக்காரப் பிள்ளையின் குறும்பு யோசனை போலத் தெரியும். இரண்டாம் முறை பார்க்கையில்தான், வேலைக்காரச் சிறுவனாக இருந்தபோது தான் செய்ததையே அவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்பது விளங்கும். அவன் தன் பிறப்பை மறைத்தான் என்கிறீர்கள். அந்த விடுதியில் ஒருவனிடம் மட்டும், பெயர் சொல்லாமல், தன் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறான். ஃபர்ஹானிடமும் ராஜுவிடமும் சொல்லாததை எடுபிடிப் பையனிடம் சொன்னான் என்பது எனக்குத் தொண்டையை அடைக்கும் இடம். பின்னாளில் லடாக்கில் ராஞ்சோவின் பள்ளிக்கு வந்து சேர்ந்திருப்பவனும் அவன்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய படத்தையும் சொல்கிறேன். ஹிருஷிகேஷ் முகர்ஜி 1973இல் இயக்கிய ‘நமக் ஹராம்’ நகைச்சுவைப் படம் அல்ல, ஆனாலும் இதே முடிச்சை எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டியது. அதில் ராஜேஷ் கன்னாவின் சோமு, ஆலை முதலாளியின் மகனாகிய நண்பன் விக்கிக்காக, பொய்ப்பெயரில் தொழிலாளியாக ஆலைக்குள் நுழைந்து தொழிற்சங்கத்தை உடைக்கப் பார்க்கிறான். அங்கே தொழிலாளர் வாழ்வைப் பார்த்ததும் மனம் மாறிவிடுகிறான். நட்பு தாங்கவில்லை, உயிரும் போகிறது. தமிழில் அது 1976இல் சிவாஜி கணேசனும் ஜெமினி கணேசனும் நடித்த ‘உனக்காக நான்’ ஆனது. அங்கே பொய்ப்பெயர் ஒருவனைக் கீழே இறக்கியது; ராஞ்சோவை அதே பொய்ப்பெயர் மேலே ஏற்றியது. கீழே இறங்கியவன் உண்மையைப் பார்த்தான், அதற்கு விலையும் கொடுத்தான். மேலே ஏறியவனுக்குப் படம் எந்த விலையும் கேட்கவில்லை. மஞ்சள்பை சொல்லும் குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1973இல் ஒரு வெகுசனப் படம் அந்த விலையைக் கேட்கத் துணிந்தது.

பின்வரிசை:

விலையே கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, காகிதத்தோணி. தன் பெயரை விட்டான், பட்டத்தை விட்டான், பியாவை விட்டான், இரண்டு நண்பர்களையும் பல ஆண்டுகள் விட்டான். படிப்பு முடிந்ததும் யாரோடும் தொடர்பு வைத்திருக்கக் கூடாது என்பது நிலக்கிழாரோடு செய்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஆற்றுமணலின் இரண்டாவது கேள்விக்கும் அதுவே விடை: அவன் நண்பர்களை ஏமாற்றவில்லை, அவன் வாய் விற்கப்பட்டிருந்தது.

ஆற்றுமணல்:

அனைவருக்கும் நன்றி. ‘வாய் விற்கப்பட்டிருந்தது’ என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் வைத்திருந்தேன். ராஞ்சோவை நான் இப்போது கூடுதலாகப் புரிந்துகொள்கிறேன். ஆயினும் ராஜுவின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அவ்வறையில் தானொருவன்தான் ஏழை என்று எண்ணி நான்கு ஆண்டுகள் அவன் கூனிக் குறுகியிருந்தான். பக்கத்துக் கட்டிலில் தன்னைவிட ஏழை ஒருவன் படுத்திருந்தது அவனுக்குத் தெரியவே இல்லை. தெரிந்திருந்தால் அந்த மோதிரங்களில் இரண்டையாவது முன்னதாகவே கழற்றியிருப்பான் என்று எனக்குப் படுகிறது. மஞ்சள்பை சொன்னது போல, ‘பயப்படாதே’ என்ற சொல் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அதற்கு எடை.

2012 பொங்கலுக்கு ஷங்கரின் இயக்கத்தில் இதன் தமிழ் மறுஆக்கமாக வந்த ‘நண்பன்’ படத்தையும் இந்தக் கேள்வியோடு பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ராஜுவின் இடத்தில் ஜீவா ஏற்ற செந்திலின் வீடு வரும் காட்சிக்கு முன்பு நிறுத்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார். அவரோடு சேர்ந்து பார்த்துவிட்டு, அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.

மஞ்சள்பை:

எழுதுங்கள், காத்திருக்கிறேன். என் அம்மா சப்பாத்திக் கட்டைக்குச் சிரிக்கவே இல்லை. காய்கறி விலைக்குத்தான் சிரித்தார், ‘அந்த விலைக்கு இப்போது யார் தருகிறார்கள்’ என்று.