புதுப்பிப்பு: டாட் காம் டொமைன் மாறிவிட்டது

என் டாட் காம் டொமைனை வேறொரு பதிவாளருக்கு (டொமைன் பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) மாற்றப் பார்த்தேன். அதற்குத் தேவையான மாற்றக் குறியீட்டைப் பழைய பதிவாளர் தராமல் இழுத்தடிக்கிறார், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, ஐகானில் (ICANN, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் அமைப்பு) புகார் கொடுக்கச் சொன்ன யோசனைதான். கேட்ட 5 நாட்களுக்குள் குறியீட்டைத் தந்தாக வேண்டும் என்பது அதன் விதி. நான் அனுப்பிய மின்னஞ்சலையும், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்த பதிலையும் புகாரோடு இணைத்தேன். அப்புறம் குறியீடு வந்து சேர்ந்தது. விளக்கம் ஒன்றும் கிடையாது! புதிய பதிவாளரிடம் அதைக் கொடுத்ததும், பழையவர் மறுக்க 5 நாள் அவகாசம். அவர் வாய் திறக்காததால் டொமைன் தானாகவே மாறிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: காலாவதித் தேதி ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறது. மாற்றக் கட்டணத்தில் அதுவும் அடக்கம்.

இரண்டெழுத்து நாட்டு டொமைன் (.in போல) வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே மாற்ற விதிகளை அந்தந்த நாட்டு டொமைன்களை நிர்வகிக்கும் பதிவகமே வகுக்கிறது. அங்கேதான் கேட்க வேண்டும்.