டீம் மேட்சில் கேப்டன் டிரா எடுக்கச் சொன்னால் எடுத்தே ஆக வேண்டுமா?

நாலாம்போர்டு:

எல்லோருக்கும் வணக்கம். இந்த சீசனில்தான் கிளப்புக்காக செஸ் லீக் ஆட ஆரம்பித்திருக்கிறேன். நாலு போர்டு மேட்ச் (அணிக்கு நாலு பேர், பலமானவர் முதல் போர்டில்), ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். எனக்கு நாலாவது போர்டு, அன்றைக்குக் கருப்புக் காய்.

மற்ற மூன்று ஆட்டமும் முடிந்து நாங்கள் 2-1 என்று முன்னால் இருந்தோம். என்னுடையது மட்டும் பாக்கி. ஆளுக்கொரு யானை. என்னிடம் நாலு சிப்பாய், எதிராளியிடம் மூன்று, எல்லாமே போர்டின் ராஜா பக்கப் பாதியில். அவர் காயை நகர்த்திவிட்டு "டிரா?" என்று கேட்டு கிளாக்கை அழுத்தினார். நான் கேப்டனைப் பார்த்தேன். "எடுத்துக்கோ" என்றார், அவ்வளவுதான். எடுத்துவிட்டேன். 2½-1½, மேட்ச் எங்களுக்கு.

எல்லோருக்கும் சந்தோஷம், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒரு சிப்பாய் அதிகம், கிளாக்கில் எனக்கு இருபது நிமிடம் இருந்தது, அவர் வெறும் இன்கிரிமென்டில், அதாவது அந்த 30 விநாடியில், ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னும் 30 ரேட்டட் ஆட்டம் தாண்டாததால் எனக்கு கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. அதாவது டிராவுக்கும் வெற்றிக்கும் நடுவில் 20 ரேட்டிங் பாயின்ட். தனியாள் டோர்னமென்டாக இருந்தால் கடைசிச் சிப்பாய் வரை ஆடியிருப்பேன். கேப்டன் இப்படிச் சொல்ல விதியில் இடம் உண்டா? சொன்னால் கேட்டே தீர வேண்டுமா? கடைசி போர்டு என்பதால்தான் இப்படியோ, முதல் போர்டு ஆளிடம் இதையே சொல்லியிருப்பாரா என்றும் தோன்றுகிறது.

பழைய கேப்டன்:

விதியை முதலில் பார்த்துவிடலாம். ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) வழக்கப்படி டிரா கேள், டிராவை ஒத்துக்கொள், ரிசைன் பண்ணு (தோல்வியை ஒத்துக்கொள்) என்று சுருக்கமாகச் சொல்ல கேப்டனுக்கு உரிமை உண்டு. போர்டில் இருக்கும் நிலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. "உனக்குத்தான் நல்லா இருக்கு, ஆடு" என்று சொன்னால் அது விதிமீறல். உங்கள் கேப்டன் ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டது ரொம்பச் சரி. உங்கள் லீக்கில் வேறு விதி இருந்தால் அதுதான் செல்லும், ஒரு தடவை வாங்கிப் படித்துவிடுங்கள். ஆனால் அவர் சொன்னது யோசனைதான். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் போர்டில் உட்கார்ந்திருக்கிறவர் முடிவு.

இப்போது கணக்கு. பெரும்பாலான லீக்கில் மேட்ச் ஜெயித்தால் 2 புள்ளி, சமன் என்றால் 1. நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாடிலும் 2008 முதல் மேட்ச் புள்ளிக்குத்தான் முதலிடம். நீங்கள் ஜெயித்து 3-1 ஆக்கினாலும் அதே 2 புள்ளிதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுக்கிற போர்டு புள்ளி பெரும்பாலும் டை-பிரேக்கில்தான், அதாவது மேட்ச் புள்ளி சமமாகும்போதுதான் உதவும். தவறிப்போய் தோற்றிருந்தால் 2-2, ஒரு மேட்ச் புள்ளி போயிருக்கும். அணிக்குக் கிடைக்கக்கூடியது கொஞ்சம், இழக்கக்கூடியது நிறைய. முதல் போர்டு ஆளாக இருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். இதே நிலை 1-2 என்று பின்தங்கியிருக்கும்போது வந்திருந்தால், என்னைக் கேட்கவே வேண்டாம், அடுத்த காயை நகர்த்துங்கள் என்பேன்.

உங்கள் வருத்தத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இந்தப் பேச்சு மேட்சுக்கு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும். எங்கள் அணியில் உட்காரும் முன் ஒரு ஏற்பாடு உண்டு: மேட்ச் முடிவு தொங்கலில் இருக்கும்வரை டிரா விஷயத்தில் என்னைக் கேட்க வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் ஆட்டம் அவரவருடையது, நள்ளிரவு வரை ஆடினாலும் நான் காத்திருப்பேன். இதைச் சொல்லி வைத்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இன்னொன்று, எதிராளி டிரா கேட்டதும் பதறாதீர்கள். நீங்கள் வாயால் மறுக்கும்வரை, அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு காயைத் தொடும்வரை அந்தக் கோரிக்கை அப்படியே இருக்கும், அவரால் திரும்பப் பெற முடியாது. ஓடுவது உங்கள் கிளாக், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேப்டனிடம் ஆர்பிட்டர் (நடுவர்) முன்னிலையில் கேளுங்கள். பக்கத்து போர்டு நண்பரிடம் "எப்படி இருக்கு?" என்று கிசுகிசுக்கவே கூடாது, வினையாகிவிடும்.

எண்ட்கேம் பிரியன்:

கேப்டன் சாரோடு பாதி ஒத்துப்போகிறேன். யானை ஆட்டத்தில் ஒரே பக்கம் நாலுக்கு மூன்று சிப்பாய் என்றால் சரியாகத் தடுத்தால் டிராதான், புத்தகங்கள் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் தடுக்கிறவர் ஒவ்வொரு நகர்த்தலையும் 30 விநாடிக்குள் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததே! சிப்பாய் அதிகம் வைத்திருப்பவர் ராஜாவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு பொறுமையாக ஆடினால் தோற்கும் அபாயம் குறைவு. புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த மாதிரி எண்ட்கேமை (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தை) ஆடித்தான் கற்றுக்கொள்ள முடியும். நானாக இருந்தால் ஆட விட்டிருப்பேன்.

அவருடைய சிப்பாய்கள் எப்படி நின்றன? எஃப்2, ஜி3, எச்4 கட்டங்களில் என்றால் அசைப்பது கஷ்டம். எச் சிப்பாய் இன்னும் நகரவில்லை என்றால் கதை வேறு.

பழைய கேப்டன்:

"அபாயம் குறைவு" என்பதை நான் அவ்வளவு நம்ப மாட்டேன். 2022 சென்னை ஒலிம்பியாடில் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தவர். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரவ் மேல் ஜெயிக்கிற நிலை, கடைசியில் நேர நெருக்கடியில் தோற்றார், மேட்ச் 2-2. உஸ்பெகிஸ்தான் தங்கம் வாங்கியது, குகேஷ் ஆடிய இந்திய அணிக்கு வெண்கலம். அவருக்கே அப்படி நடக்கும் என்றால் நமக்கு நடக்காதா? ஆனால் கற்றுக்கொள்ள ஆட விட வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2-1-க்குப் பதில் 3-0 என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டிருப்பேன்.

தம்பி, கடைசி போர்டு என்று குறைவாக நினைக்காதீர்கள். 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் அர்ஜுன் எரிகைசி மூன்றாவது போர்டில் 11-க்கு 10 எடுத்தார். இந்தியா தங்கம் வாங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மேல் போர்டுகளில் பலம் சமமாகி டிரா டிராவாகப் போகும்போது மேட்சைத் தீர்மானிப்பது கீழ் போர்டுகள்தான்.

நாலாம்போர்டு:

ரொம்ப நன்றி. நேற்று கேப்டனிடமே பேசினேன். அவரும் கிட்டத்தட்ட இதே கணக்கைத்தான் சொன்னார். அடுத்த மேட்சிலிருந்து முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

ஸ்கோர் ஷீட்டை எடுத்து நிலையை வைத்துப் பார்த்தேன். அவருடைய சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. என்னுடையவை ஈ5, எஃப்7, ஜி7, எச்7.

எண்ட்கேம் பிரியன்:

அப்படியானால் ஜி7 சிப்பாயை ஜி5-க்குத் தள்ளிப் பாருங்கள். அவர் எச்4 போட்டுச் சிப்பாய்களை அமைத்துக்கொள்வதற்கு முன்னாலேயே அந்தக் கட்டத்தைக் கட்டுப்படுத்திவிடலாம். அப்போதும் சரியாக ஆடினால் டிராதான், ஆனால் அவர் ரொம்ப நேரம் கஷ்டப்பட வேண்டியிருக்கும். கிளப்பில் யாரையாவது வெள்ளையில் உட்கார வைத்து, அவருக்கு இன்கிரிமென்ட் மட்டும் கொடுத்து ஆடிப் பாருங்கள். அப்புறம் பக்கம் மாற்றி நீங்கள் தடுங்கள்.