நம்ம ஆள் என்று ஓட்டுப் போட்டால் அவர் யாருக்குப் பதில் சொல்வார்?

மழைக்குடை:
நேற்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் காலடியில் ஒரு நோட்டீஸ். லண்டன் கவுன்சில் தேர்தலுக்கு நிற்பவர் தமிழர். பட்டு வேட்டி, தேர்த்திருவிழாவில் எடுத்த படம், மேலே பெரிய எழுத்தில் 'வணக்கம்'. அந்த 'க்'கின் புள்ளி மட்டும் நழுவிப் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் வீட்டு மாமா பார்த்தவுடனே "நம்ம பிள்ளை, நாம போடாம யார் போடுறது" என்று முடித்துவிட்டார். குப்பை, வாடகை வீடு, கவுன்சில் வரி மூன்றுக்கும் சேர்த்து அந்தத் தாளில் மூன்றே வரி. நான் எந்தக் கட்சியும் இல்லை. 2024இல் லேபருக்குப் போட்டேன், அதற்கு முந்தின தடவை போகவே இல்லை. ஒரே கேள்விதான்: இவர் ஜெயித்தால் நமக்குப் பதில் சொல்வாரா, கட்சிக்குப் பதில் சொல்வாரா?

பழைய சிவப்பு:
தம்பி, நான் லேபர் உறுப்பினன். கிழக்கு லண்டன் நியூஹாமில் இருபத்தைந்து வருடமாகக் கட்சிக்காகக் கதவு தட்டுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒளித்தேன் என்று கதைக்க வேண்டாம். நம்ம ஆள் என்பது சும்மா விஷயம் இல்லை. தாதாபாய் நௌரோஜி லண்டனில் எம்பி ஆக முயன்ற காலத்தில், 1888இல், பிரதமர் சாலிஸ்பரியே அவரைக் 'கறுப்பு மனிதர்' என்று மேடையில் சொன்னார், அப்படி ஒருவரை ஆங்கிலேயத் தொகுதி தேர்ந்தெடுக்காது என்ற தொனியில். 1892இல் ஃபின்ஸ்பரியில் நௌரோஜி வென்றார், ஒற்றை இலக்க வித்தியாசம், அதை வைத்து 'நேரோ மெஜாரிட்டி' (குறுகிய பெரும்பான்மை) என்று பெயரையே கேலி ஆக்கினார்கள். 1987இல் டயான் அபாட், பெர்னி கிராண்ட், பால் போட்டெங், கீத் வாஸ் என்று கறுப்பு, ஆசிய வம்சாவளியினர் நால்வர் ஒரே தேர்தலில் பாராளுமன்றத்துக்குள் போனார்கள். தமிழர் ஒருவர் போக 2024 வரை ஆனது, ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன். 2009 ஏப்ரலிலிருந்து, இலங்கையில் போரை நிறுத்தச் சொல்லி, வாரக்கணக்கில் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோமே, அன்றைக்கு உள்ளே எங்களில் ஒருவர் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

கிராய்டன் காகம்:
ஐயா, 2009இல் ஆட்சியில் இருந்தது யார்? உங்கள் லேபர்தானே. பிரதமர் கார்டன் பிரவுன், வெளியுறவு டேவிட் மிலிபாண்ட். உள்ளே ஒரு தமிழர் இருந்திருந்தாலும் கட்சி வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.

பழைய சிவப்பு:
வரிசையில் உட்கார்ந்து எழும்பிக் கேட்டிருப்பார். கேட்பது பதிவேட்டில் ஏறும். அது பெரிய விஷயம், நீர் சின்னதாகப் பார்க்கிறீர்.

ஹாரோ கடைக்காரன்:
நீங்கள் சொன்ன அதே உமா குமரன் 2015இல் எங்கள் ஹாரோ ஈஸ்டில் நின்றார். இங்கே தெருவுக்குத் தெரு தமிழர், ஆனாலும் தோற்றார், ஜெயித்தது கன்சர்வேடிவ் பாப் பிளாக்மன். அவர் தமிழரும் இல்லை, குஜராத்தியும் இல்லை. 2024இல் நாடு முழுக்க கட்சி 121 இடத்துக்குச் சரிந்தபோதுகூட அவர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினார். ஆகவே நிறத்தைப் பார்த்து ஜனங்கள் போடுகிறார்கள் என்பது கட்சிக்காரர்களுக்கு வசதியான கற்பனை. நான் பார்ப்பது கடைக் கணக்கு. 2025 ஏப்ரலில் ஆளின் சம்பளத்துக்காக முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் வரி 13.8இலிருந்து 15 சதவீதம் ஆயிற்று, அது தொடங்கும் வருடச் சம்பள வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000க்கு இறங்கியது. எனக்கு ரெண்டு ஆள் வேலைக்கு. இதற்கு லேபரில் யார் பதில் சொன்னார்கள்?

இரவுப்பணி:
அண்ணா, அதே ஏப்ரலில்தான் அந்த வரியில் சின்ன முதலாளிகளுக்குக் கழித்துத் தரும் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் 5,000இலிருந்து 10,500 பவுண்ட் ஆனது. ரெண்டு ஆள் வைத்திருக்கும் கடைக்கு அந்தச் சலுகையிலேயே கணக்கு முடிந்துவிடும். நீங்கள் கட்டுவது பூஜ்யமாகத்தான் இருக்கும். உங்கள் கணக்காளரைக் கேட்டுப் பாருங்கள்.

ஹாரோ கடைக்காரன்:
கேட்டேன். சரிதான், அதில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால் கடைகளுக்கு இருந்த பிசினஸ் ரேட்ஸ் (கடைக் கட்டட வரி) தள்ளுபடி அதே மாதம் 75 சதவீதத்திலிருந்து 40 ஆனது. அது ஏறியது, பில் கையில் இருக்கிறது, தங்கச்சி.

இரவுப்பணி:
அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். 75 சதவீதம் கோவிட் காலச் சலுகையின் வால் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சும்மா பார்வையாளர்:
எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். நான் ஓட்டே போடுவதில்லை.

கிராய்டன் காகம்:
அப்படி நினைத்த நிறையப் பேர் 2024இல் வீட்டில் இருந்தார்கள். பத்தில் ஆறு பேர்தான் போட்டார்கள். அதில் லேபருக்கு விழுந்தது 33.7 சதவீதம், கிடைத்த இடம் 411. ரிஃபார்ம் கட்சிக்கு 14 சதவீதத்துக்கு மேல், இடம் ஐந்து. நீங்கள் போடாமல் விட்டது யாருக்கு லாபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்குடை கேட்டதற்கு வருகிறேன். யாருக்குப் பதில் சொல்வார் என்றால், கொறடாவுக்கு. 2024 ஜூலையில், லேபர் ஆட்சிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்ற விதியை எடுக்கச் சொல்லி எஸ்என்பி (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) கொண்டுவந்த திருத்தத்துக்கு வாக்களித்த ஏழு லேபர் எம்பிக்களைக் கட்சி சஸ்பெண்ட் செய்தது. அப்புறம் 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே அரசு அதே விதியை எடுப்பதாக அறிவித்தது. அந்த ஏழு பேர் சொன்னது தப்பா சரியா? தலைமை சொல்வதற்கு முன்னால் சொன்னதுதான் தப்பு.

பழைய சிவப்பு:
ஒரு கட்சி என்றால் ஒழுங்கு வேண்டாமா? ஆளுக்கொரு பக்கம் இழுத்து 2022இல் கன்சர்வேடிவ் என்ன கதி ஆனது, ஒரே வருடத்தில் மூன்று பிரதமர், அதில் லிஸ் டிரஸ் 49 நாள். அதுவா வேண்டும்?

ஹாரோ கடைக்காரன்:
அந்த 49 நாளில் வட்டி ஏறி என் வீட்டுக் கடனும் சேர்ந்து ஏறியது. நானே திட்டினேன், எங்கள் கட்சிதான் என்றாலும்.

இரவுப்பணி:
நம்ம ஆள் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2022 அக்டோபரில் ரிஷி சுனக் பிரதமர் ஆனபோது ஆஸ்பத்திரி வார்டில் எல்லாரும் என்னிடம் வந்து வாழ்த்துச் சொன்னார்கள், நான்தான் பதவி ஏற்றதுபோல. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பிரீத்தி படேல், சுயெல்லா பிரேவர்மன் இருவரும் வந்தேறிகளின் பிள்ளைகள். குடியேற்றத்தில் அவர்களைப் போலக் கெடுபிடி செய்த உள்துறை அமைச்சர் எத்தனை பேர்? படேல் கொண்டுவந்த விதிப்படி தன் பெற்றோரே வந்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்று 2020இல் வானொலியில் அவரே ஒப்புக்கொண்டார். புகலிடம் கேட்டு வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் 2022இல் அவர் காலத்தில் அறிவித்தது, 2023இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

ஹாரோ கடைக்காரன்:
அதில் என்ன தப்பு? முறையாக வந்தவன் முறையில்லாமல் வருவதை எதிர்க்கக் கூடாதா? நம்ம நிறம் என்றால் ஒரே மாதிரிதான் நினைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

இரவுப்பணி:
நானும் அதைத்தான் சொல்கிறேன் அண்ணா! நிறத்தை வைத்து என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. அப்படியென்றால் நிறத்தைக் காட்டி ஓட்டும் கேட்கக் கூடாது.

மழைக்குடை:
ஆனால் 2024 ஆகஸ்ட் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு ஊர் ஊராகக் கலவரம். 7ஆம் தேதி எங்கள் தெருக் கடைகள் நாலு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டன. பையனை ரயிலில் வராதே என்று சொல்லி நானே போய்க் கூட்டி வந்தேன். அன்று மாலை வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கில் ஜனம் எதிர்த்து நின்றதைப் பார்த்துத்தான் மூச்சு வந்தது. நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய், எப்படி நினைக்கிறாய் என்று கலவரக்காரன் கேட்கவில்லை. அதனால்தான் மாமாவை முழுசாகக் குறை சொல்ல வாய் வரவில்லை.

பழைய சிவப்பு:
ஓம் தம்பி. அதைத்தான் நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கிராய்டன் காகம்:
பயம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாட்டிக்கொண்ட நேரத்தில் உதவியது யார் என்று போஸ்ட் ஆபீஸ் விவகாரத்தைப் பாருங்கள். போஸ்ட் ஆபீஸின் ஹொரைசன் கணினி தப்புக் கணக்குக் காட்டி, 1999இலிருந்து 2015 வரை, பெரும்பாலும் கிளைத் தபால் நிலையம் நடத்தியவர்களான 900க்கு மேற்பட்டவர்களைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். நம்ம நாட்டுப் பக்கத்து ஆட்கள் அதில் நிறைய, கர்ப்பிணியாகச் சிறைக்குப் போன சீமா மிஸ்ராவை எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் லேபர் ஆண்டது, கூட்டணியில் லிபரல் டெமாக்ராட் அமைச்சர் இருந்தார், கன்சர்வேடிவ் ஆண்டது. 2010இல் துறை அமைச்சர் எட் டேவி, பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடிய ஆலன் பேட்ஸைச் சந்திக்க முதலில் மறுத்தே விட்டார். விடாமல் கேட்டவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஆர்பத்நாட், ஹாம்ப்ஷயரின் பெரிய இடத்துக் கன்சர்வேடிவ். 2009 எம்பி செலவு ஊழலில் நீச்சல் குளம் சுத்தம் செய்த பில்லை நம் தலையில் கட்டியவர், பிறகு திருப்பிக் கொடுத்தார். அந்த ஆள்தான் தன் தொகுதியில் சின்னக் கடை நடத்திய ஜோ ஹாமில்டனுக்காக வருடக்கணக்கில் கதவு தட்டினார். கூடவே லேபரின் கெவன் ஜோன்ஸ். இரண்டு பேருமே யாருக்கும் 'நம்ம ஆள்' இல்லை.

இரவுப்பணி:
எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஊரும் பேரும் வேண்டாம். வாடகை வீட்டுச் சுவரில் ஈரம் ஏறிக் கறுப்புப் பூசணம், சின்னவளுக்கு இருமல், பதினொரு மாதம் கவுன்சிலுக்குப் போன், ஒவ்வொரு தடவையும் புது நம்பர். எம்பியின் சர்ஜரி, அதாவது தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரம், சனிக்கிழமை நூலகத்தின் பின் அறையில். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம், எனக்கு முன்னால் இருந்த சோமாலி அம்மா தூங்கியே போனார். எம்பி வெள்ளைக்காரர், நான் ஓட்டுப் போடாத கட்சி. படத்தைப் பார்த்தார், ஆறு நிமிடம் பேசினார். மேலே பாராளுமன்றத்தின் பச்சை நிறக் கோட்டைக் கதவுச் சின்னம் போட்ட ஒரு கடிதம் போனது, ஒன்பதாம் நாள் ஆள் வந்து சுவரைப் பிரித்தார்கள். எனக்கு மட்டும் வேலை நடந்தது. கடிதம் எழுத வைக்கத் தெரியாத பக்கத்து வீட்டில் பூசணம் அப்படியே இருக்கிறது.

மழைக்குடை:
சரி, ஜெயித்தவர் ஒன்றும் செய்யவில்லை என்றால் இறக்க வழி உண்டா?

கிராய்டன் காகம்:
எம்பிக்கு 2015 சட்டம் இருக்கிறது. சிறைத் தண்டனை, பொய்ச் செலவுக் கணக்கு, அல்லது சபையிலிருந்து பத்து அமர்வு நாள் சஸ்பெண்ட், இதில் ஒன்று நடந்தால் ஆறு வாரம் கையெழுத்து வாங்குவார்கள், தொகுதி வாக்காளரில் பத்து சதவீதம் சேர்ந்தால் இடைத்தேர்தல். வட அயர்லாந்தில் இயன் பெய்ஸ்லி 2018இல் 9.4 சதவீதத்தில் தப்பினார். கன்சர்வேடிவ் எம்பி பீட்டர் போன் 2023இல் போனார், கட்சி அந்த இடைத்தேர்தலுக்கு நிறுத்தியது அவருடைய துணைவியை. இதெல்லாம் நம்ம ஊரில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஜனங்கள் லேபரை ஜெயிக்க வைத்தார்கள்.

கவுன்சிலருக்கு அதுகூடக் கிடையாது. 2011க்குப் பிறகு இங்கிலாந்தில் கவுன்சிலரை சஸ்பெண்ட் செய்யும் அதிகாரமே எடுபட்டுவிட்டது. ஆறு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்தாலோ, மூன்று மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை கிடைத்தாலோ பதவி போகும், மற்றபடி ஜனங்கள் இறக்க வழி இல்லை. கட்சி மாறினாலும் இடைத்தேர்தல் இல்லை. அதைவிட மோசம், எதிர்க்கட்சியே இல்லாத கவுன்சில். சிவப்பு ஐயா, உங்கள் நியூஹாமில் 2010, 2014, 2018 மூன்று தடவையும் 60க்கு 60 லேபர். அங்கே கேள்வி கேட்டவர் யார்?

பழைய சிவப்பு:
சனம் போட்ட வாக்கு, நான் பெட்டிக்குள் போடவில்லை. ஆனாலும்... சரி, அது நல்லதற்கில்லை. கவுன்சிலர்கள் கட்சிக் குழுக் கூட்டத்தில் கதவைச் சாத்திச் சண்டை பிடித்துவிட்டு வெளியில் எல்லோரும் ஒன்றாகக் கை தூக்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது வாக்காளருக்குத் தெரியாது. 2022இல் பசுமைக் கட்சிக்காரர் இரண்டு பேர் வந்த பிறகு கொஞ்சம் மாறியது.

ஹாரோ கடைக்காரன்:
முதல் தடவையாக நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் ஐயா. இலிஃபோர்ட் நார்த்தில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 2024இல் 528 வாக்கில் தப்பினார், சுயேச்சைப் பெண்ணிடம். அவ்வளவு ஒட்டி ஜெயித்தவர் தூக்கத்திலும் தொகுதியைத்தான் நினைப்பார்.

இரவுப்பணி:
ஒரு சின்னக் குறிப்பு: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும், விசாவோடு இங்கே வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் என்பதால் பதிந்து ஓட்டுப் போடலாம். என் கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. அடையாள அட்டை மறக்க வேண்டாம், முதியவர்களின் ஃப்ரீடம் பாஸ் (இலவசப் பயண அட்டை) செல்லும், பிள்ளைகளின் மாணவர் ஆய்ஸ்டர் பயண அட்டை செல்லாது.

மழைக்குடை:
அந்த வேட்பாளர் நேற்று வீட்டுக்கே வந்தார். மாமா தேநீர் போடப் போய்விட்டார், நான் கேட்டேன்: ஈரச் சுவர் வீடுகளுக்கு என்ன செய்வீர்கள், கட்சிக் குழு ஒரு பக்கம் சொல்லி வார்டு இன்னொரு பக்கம் நின்றால் கை எங்கே தூக்குவீர்கள்? முதலாவதற்கு நீளமாகப் பதில். இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் மழையில் நின்றார், பிறகு "அதை என்னால் இப்ப சொல்ல முடியாது அண்ணா" என்றார். பொய் சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. புள்ளி நழுவிய 'வணக்கம்' பற்றியும் கேட்டேன், அச்சகம் செய்த வேலை என்று சிரித்தார். நோட்டீஸின் பின்னால் தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை, இரண்டு வாரமாக எடுக்காத குப்பைப் பைகளைப் படம் பிடித்து அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரெண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.