‘ஃபோர்சீயபிலிட்டி’க்கு முன்னுணர்தகைமை

அன்புடையீர், வணக்கம்.

பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கோரும் தீங்கியல் சட்டத்தில் (tort law) ‘ஃபோர்சீயபிலிட்டி’ (foreseeability) என்றொரு சொல் வருகிறது; ஒரு தீங்கு நேரலாம் என்று முன்கூட்டியே உணரக்கூடியதாக இருப்பதை அது குறிக்கும். அதற்குத் தமிழில் ‘முன்னறிவு’ போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. அமெரிக்காவின் பால்ஸ்கிராஃப் வழக்கை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

1924 ஆகஸ்ட் 24 அன்று, புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் நிலையத்தில் ஹெலன் பால்ஸ்கிராஃப் ராக்கவே கடற்கரை ரயிலுக்காகக் காத்திருந்தார். நகரத் தொடங்கிவிட்ட வேறொரு ரயிலில் ஓடிவந்து தொற்றிய ஒருவரைப் பெட்டியிலிருந்த ஊழியர் கைகொடுத்து இழுக்க, நடைமேடை ஊழியர் பின்னாலிருந்து தள்ளிவிட்டார். அந்தப் பயணி வைத்திருந்த, செய்தித்தாளில் சுற்றிய சிறு பொட்டலம் தண்டவாளத்தில் விழுந்து வெடித்தது. உள்ளே இருந்தது பட்டாசு. அந்த அதிர்வில் நடைமேடையின் மறுகோடியில் இருந்த எடை பார்க்கும் இயந்திரம் சாய்ந்து ஹெலனைக் காயப்படுத்தியது என்கிறது தீர்ப்பு.

ரயில் நிறுவனம் ஹெலனுக்குத் தர வேண்டும் என்று ஜூரி வழங்கிய 6,000 டாலர் இழப்பீட்டை, 1928 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-3 என்ற பெரும்பான்மையில் நீக்கியது. அந்தப் பொட்டலம் தொலைவில் நிற்பவருக்குத் தீங்கு செய்யும் என்பதற்கு வெளித்தோற்றத்தில் எந்த அறிகுறியும் இல்லை. ஆகவே ஊழியரின் செயல் பொட்டலக்காரர் அளவில் தவறாகவே இருந்தாலும், ஹெலனைப் பொறுத்தவரை கவனக் கடமை (பிறருக்குத் தீங்கு நேராதபடி கவனமாக நடக்கும் கடமை) மீறப்படவில்லை என்றார் நீதிபதி கார்டோசோ.

ஊழியர் உண்மையில் என்ன அறிந்திருந்தார் என்பதைக் கார்டோசோ அளவுகோலாகக் கொள்ளவில்லை. அந்த இடத்தில் விவேகமுள்ள ஒருவர் எதை உணர்ந்திருக்கக் கூடும் என்றே பார்த்தார். ‘முன்னறிவு’ ஒருவரின் மனத்தில் இருப்பதைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது இடரின் தன்மையைச் சொல்லும் சொல். ‘முன்கணிப்பு’ வானிலைக்குப் போய்விட்டது. ஆகவே ‘முன்னுணர்தகைமை’ என்பதை முன்வைக்கிறேன். ‘தகவு’ கணக்கில் விகிதத்தைக் குறிப்பதால் தவிர்த்தேன். பெயரடையாக ‘முன்னுணரத்தக்க இடர்’ என்பது இயல்பாக வருகிறது. எதிர்மறைக்கு மட்டும் ‘முன்னுணரவியலாத’ என்றே கொள்ள வேண்டும், ஏனெனில் ‘தகாத’ என்றால் முறையற்றது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதே சொல்லுக்கு ‘எதிர்நோக்குக் கடமை’ என்ற பரிந்துரையும் வந்திருந்தது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ஆண்ட்ரூஸ், கவனக் கடமை உலகோர் அனைவருக்கும் உரியது என்றும், பொறுப்பின் எல்லையைக் காரணத் தொடர்பில் வகுக்க வேண்டும் என்றும் வாதிட்டார். விளைவை முன்னுணர முடிந்திருக்குமா என்ற கேள்வியை அவரும் அங்கே எழுப்புகிறார். இரு தரப்பும் பயன்படுத்தும் கருத்துக்கு இடும் பெயரில் ‘கடமை’யைச் சேர்த்தால், கார்டோசோவின் முடிவை நாமே சொல்லுக்குள் எழுதிவிட்டதாகும்.