கலைச்சொல் வேண்டும்: 'சிம் ஸ்வாப்' (வெள்ளிக்குள்)

கயல்விழி:
வணக்கம். பாதுகாப்புக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'சிம் ஸ்வாப்' மட்டும் பாக்கி. மோசடிக்காரர் நம் பெயரைச் சொல்லி, நம் எண்ணைத் தன்னிடமுள்ள சிம்முக்கு மாற்றிக்கொள்கிறார். ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். 'சிம் திருட்டு' சரிதானே?

மணிமாறன்:
வேண்டாம் கயல். சிம் போனிலேயேதான் இருக்கும், பறிபோவது எண். 'திருட்டு' என்றால் படிப்பவர் சிம்மைக் கழற்றிப் பார்த்து நிம்மதியாகிவிடுவார். கவனிக்க வேண்டியது வேறு: எப்போதும் சிக்னல் கிடைக்கும் இடத்தில் திடீரென 'சேவை இல்லை' என்று வரும், அணைத்துப் போட்டாலும் போகாது. 'எண் பறிப்பு' எனலாம்.

அறவாழி:
வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் ணகரம் டகரமாகும், மண்+குடம் மட்குடம். ஆக 'எட்பறிப்பு'. எள்+பறிப்பும் அதுவே! தொல்காப்பியம் 'எண்' என்பதை உணவுப்பெயராகவும் (எள்) சொல்கிறது. இடையினம் வந்தால் சிக்கலில்லை: 'எண்வௌவல்' (வௌவல் என்றால் பறித்தல்).

செல்வி:
ஐயா, அதை வௌவால் என்றுதான் வாசிப்பார்கள். பதற்றத்தில் போனில் சொல்ல வேண்டிய சொல் இது. 'சிம் மாற்று மோசடி' என்றால் எதிர்முனையில் இருப்பவருக்கு உடனே புரியும்.

கயல், எண் பறிபோனவர் செய்ய வேண்டியவற்றின் வரிசையையும் கையேட்டில் திருத்துங்கள். வேறொரு போனிலிருந்து முதலில் சேவை நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்க வேண்டும், அடுத்து வங்கி, பிறகு மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற வேண்டும். மின்னஞ்சல் அமைப்பில் 'தானாக முன்னனுப்பு' விதி ஏதும் புதிதாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் நமக்கு வரும் மின்னஞ்சல்களின் நகல்கள் மோசடிக்காரருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மணிமாறன்:
முன்தடுப்பும் சேருங்கள். எண்ணை வேறு சிம்முக்கு மாற்றும்போது ரகசிய எண் (PIN) கேட்கும் வசதி நிறுவனத்தில் இருந்தால் அதைப் போட்டுவைக்க வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதில் ஆதன்டிகேட்டர் செயலி நல்லது. போனிலுள்ள ரகசியச் சாவியிலிருந்து பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு 6 இலக்க எண் உருவாகும், போன் எண் கைமாறினாலும் அது கைமாறாது. போன் தொலைந்தால் உதவ மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிவைக்க வேண்டும்.

அறவாழி:
'சிம்' பிறமொழிச் சொல்லாயிற்றே?

செல்வி:
'சி' மொழிமுதலில் வரும், 'ம்' மொழியிறுதியில் வரும். இலக்கணம் தடுக்கவில்லை, ஐயா. 'ஸ்வாப்'தான் நுழையாது.

கயல்விழி:
அறவாழி ஐயா தவிர மற்ற மூவரும் ஒத்துக்கொண்டதால் 'சிம் மாற்று மோசடி' என்றே வைக்கிறேன். 'ஆதன்டிகேட்டர்' தனி இழையில்.

அறவாழி:
'மாற்றுவழி' என்பதில் போல, 'மாற்று மோசடி' என்றால் வேறு வகை மோசடி என்றும் பொருள்படும். 'மாற்றல்' என்றாவது எழுதுங்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.