தண்ணீர் லாரிச் சண்டை வழக்கு: வேலைப் படிவத்தில் என்ன எழுதுவது?

வண்ணாரப்பேட்டைக்காரன்:
வயது 27. ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சென்னைக் கிளையில் வேலை கிடைத்திருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: கைது செய்யப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா. போதாததற்கு அது ஃபெலனியா (பெருங்குற்றமா), மிஸ்டிமீனரா (சிறு குற்றமா) என்று வேறு கேட்கிறார்கள்.

2019 கோடையில் ஊரே தண்ணீருக்கு அலைந்தபோது, லாரி வரிசையில் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் எனக்கும் கைகலப்பு. என் மேல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது), 323 (அடித்துக் காயப்படுத்துவது) பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். காவல் நிலையத்திலேயே ஜாமீன் கொடுத்துவிட்டதால் கைது இல்லை. பிறகு ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் ஏதோ பணம் கட்டினோம், முடிந்தது. போன மாதம் அந்த அண்ணன் மகள் காதுகுத்துக்கு நான்தான் பந்தல்காரரைப் பிடித்துக் கொடுத்தேன். மூன்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதலாமா?

கொருக்குப்பேட்டை நண்பன்:
நம் குழாயடிச் சண்டை அமெரிக்காவுக்கு எப்படித் தெரியும்? தைரியமாக ‘இல்லை’ போடுங்கள்.

பழைய குமாஸ்தா:
தம்பி, அந்த யோசனையைக் கேட்காதீர்கள். நான் வக்கீல் குமாஸ்தாவாகத் தலை நரைத்தவன்.

காவல் நிலையத்தில் ஜாமீன் கொடுத்தார்கள் என்றால் பெரும்பாலும் முன்னால் ஒரு கைது இருந்திருக்கும். கைதுக் குறிப்பில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு உறுத்துவது அந்த ‘ஏதோ பணம்’. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அது தண்டனை. ஜெயிலுக்குப் போனால்தான் தண்டனை என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். “ஒப்புக்கொள், மாலைக்குள் வீட்டுக்குப் போய்விடலாம்” என்று பையன்களிடம் சொன்ன குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். அது பின்னால் இப்படி ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் என்று அன்று யோசிக்கவில்லை.

சாட்சிகள் பிறழ்ந்து வழக்கு தோற்றால் விடுதலை. உயர் நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரையே தள்ளினால் ரத்து. 323-இல் அடிபட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம், அதற்கும் விடுதலையின் பலன் உண்டு. 294(பி)-க்குச் சமரசம் கிடையாது. ஆகவே உங்கள் வழக்கு ஒரு பிரிவில் விடுதலையாகவும் இன்னொன்றில் தண்டனையாகவும் முடிந்திருக்கலாம். நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதைப் படிக்காமல் ஒரு கட்டத்தையும் தொடாதீர்கள்.

பெரம்பூர் மல்லி:
சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். நீதிமன்றங்களின் இணையதளத்தில் பெயரைப் போட்டு, தகப்பனார் பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நமக்கு இனிஷியல்தானே, ஒரே பெயரில் பத்துப் பேர் வருவார்கள். அடுத்தவர் வழக்கு உங்கள் தலையில் விழாமலிருக்கவும் அந்த நகல் உதவும்.

ஃபெலனி, மிஸ்டிமீனர் என்ற பிரிவு நம் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் ஃபெலனி, ஓராண்டு அல்லது அதற்குக் குறைவு என்றால் மிஸ்டிமீனர். 294(பி)-க்கு அதிகபட்சம் மூன்று மாதம், 323-க்கு ஓராண்டு. நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், பிரிவையும் அதிகபட்சத் தண்டனையையும் குறிப்பாக எழுதிவிடுங்கள். சம்பவம் 2019-இல் நடந்ததால் பழைய எண்களே போதும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் புதிய எண்களை எழுதிக் குழப்ப வேண்டாம்.

அரசு வேலை வழக்கு ஒன்றிலேயே, இளவயதுச் சிறு குற்றத்தை மறைத்திருந்தாலும் நிர்வாகம் நினைத்தால் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது. தனியார் நிறுவனம் அவ்வளவு பொறுமை காட்டும் என்று நம்ப வேண்டாம். நான் பார்த்தவரை, வழக்குக்காக வேலை இழந்தவர்களைவிட ‘இல்லை’ என்று எழுதி இழந்தவர்களே அதிகம்.

வண்ணாரப்பேட்டைக்காரன்:
நகல் கிடைத்துவிட்டது. 323 சமரசத்தில் முடிந்து விடுதலை. 294(பி)-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் 500 ரூபாய் அபராதம். கைதுக் குறிப்பில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஐயா சொன்னதுதான் சரி: மூன்று கட்டத்திலும் ‘ஆம்’ போட்டு, நகலையும் இணைத்து இன்று அனுப்பினேன். நகல் மனுவுக்கு நீதிமன்றத்தில் வரிசையில் நின்றபோது கூட வந்தது அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன்தான்.